ஈர மனசும் எட்டுக் கிலோ அரிசியும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

தங்கள் சபைப் பத்திரிகையின் டிசம்பர் இதழ் வந்து சேர்ந்தது. அட்டை அழகாக இருந்தது. உள்ளே, "பசித்தவருக்குச் சோறு போடத் திட்டமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், ஈர மனசு இருந்தால் போதும்" என்று எழுதியிருந்தீர்கள். அதன் கீழே ஒரு படம். ஒரு மஞ்சள் பை, அதை ஏழு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வாங்க வந்த பாட்டிக்குப் பையில் கை வைக்க இடமில்லை. ஏழு பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். பாட்டி மட்டும் பையைப் பார்க்கிறாள்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை நான் தங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆதிச் சபையில் கிரேக்கரானவர்கள், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், "திட்டமாய் விசாரிக்கப்படவில்லை" என்று எபிரெயருக்கு விரோதமாய் முறுமுறுத்தார்கள். 'திட்டமாய்' என்ற அந்தச் சொல் நம்முடைய பழைய மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. அதற்கு அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? ஈர மனசுக்காரர் ஏழு பேரைத் தேடவில்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். சோற்று வேலைக்கு ஞானம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கள் படத்திலும் ஏழு பேர்தான் இருக்கிறார்கள், அது தற்செயலாக இருக்கலாம்.

அந்த முறுமுறுப்பு ஏன் எழுந்தது என்பதையும் தாங்கள் அறிவீர்கள். கிரேக்கர், எபிரெயர் என்ற இடங்களில் நம் ஊர்த் தெருக்களின் பெயரைப் போட்டு வாசித்தால் விளங்கிவிடும். கிறிஸ்துமஸ் பை எந்தத் தெருவோடு நின்றுபோகிறது என்று எந்தச் சேகரத்திலும் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்திலும்) எழுதி வைப்பதில்லை. விதவைகளின் பெயரை எழுதி வைக்கச் சொல்லி, அறுபது வயதுக்குக் குறையாதவள் என்று வயது உட்பட அப்போஸ்தலர் பவுல் எழுதினார். நாமோ பண்டிகைக்கு முந்தின நாள், கோயில் வாசலில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். வாசலுக்கு வரக் கூச்சப்படுகிறவள்தான் பெரும்பாலும் பட்டினி கிடக்கிறவள்.

கணக்கு வேண்டாம் என்கிறீர்கள். கணக்கு இல்லாமல் என்ன ஆகும் என்பதற்குத் தங்கள் இதழே சாட்சி. சென்ற லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்) 'நூறு பேருக்குச் சாம்பார் சாதம்' என்று ஒரு செய்முறை போட்டீர்கள்: அரிசி 5 கிலோ, பருப்பு அரைக் கிலோ. அன்றைக்கே கடிதம் எழுதினேன், இதழில் வரவில்லை. மறுபடி எழுதினேன், அதுவும் வரவில்லை. அந்தக் கணக்கை நம்பி அண்டா ஏற்றினால் அறுபதாவது ஆளோடு கரண்டி அடியைத் தட்டும். மீதி நாற்பது பேரிடம் ஈர மனசைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நூறு பேருக்கு அரிசி 8 கிலோ, துவரம் பருப்பு 2¾ கிலோ, காய் 5 கிலோவுக்குக் குறையாமல், புளி அரைக் கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர். தண்ணீர் எல்லாம் சேர்த்து 35 முதல் 40 லிட்டர் பிடிக்கும். ஆளுக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ சாதம் வரும். ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிடுகிறவருக்கு அதற்குக் குறைத்து வைக்கக் கூடாது. பருப்பைத் தனியாக மசிய வேகவைக்க வேண்டும். புளித்தண்ணீர் முதலிலேயே விழுந்துவிட்டால் பருப்பும் வேகாது, அரிசியும் நடுவில் விறைத்து நிற்கும். பிறகு எவ்வளவு விறகு வைத்தாலும் பயனில்லை. இரண்டும் வெந்த பிறகுதான் புளி. புளி சேர்ந்து ஒரு கொதி வந்ததும் விறகை இழுத்துவிட்டுத் தணலில் விட வேண்டும். இல்லாவிட்டால் பருப்பு அடியில் படிந்து பிடித்து, அந்தத் தீய்ந்த வாடை அண்டா முழுக்க ஏறிவிடும். பொட்டலம் கட்டுகிற சாதத்தில் உருளைக்கிழங்கும் தேங்காயும் வேண்டாம், அவைதான் முதலில் ஊசிப்போகும்.

பொட்டலம் என்றதும் இன்னொன்று. கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் அள்ளி முடிச்சுப் போடுகிறார்கள். ஆவி உள்ளேயே வேர்த்துத் தண்ணீராகி, இரண்டு மணி நேரத்தில் சாதம் நசநசத்துவிடும். சோற்றில் ஒரு கிருமி உண்டு. அதன் வித்து கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே காலை பதினொரு மணிக்குக் கட்டிய பொட்டலம் ஒரு மணிக்குள் சாப்பிடுகிறவர் கையில் இருக்க வேண்டும். மாலை ஜெப ஆராதனை முடிந்து, போதகர் ஐயா வந்து ஜெபித்து, எல்லோரும் படம் எடுத்துக்கொண்ட பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருக்கக் கூடாது. வாழை இலை வைத்துக் கட்டுங்கள். இலை இல்லையென்று செய்தித்தாளில் நேராகச் சோற்றை வைக்க வேண்டாம். அச்சு மை சோற்றில் இறங்கும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. தங்கள் இதழுக்கும் அது பொருந்தும், வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

உண்மையில் பொட்டலமே இரண்டாம் பட்சம்தான். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது கர்த்தர் ஜனங்களை வரிசையில் நிறுத்தவில்லை. பசும்புல்லின்மேல் ஐம்பது ஐம்பது பேராகவும் நூறு நூறு பேராகவும் உட்காரவைத்தார். உட்கார்ந்தவனுக்கு இரண்டாம் தரம் கேட்க வாய் வரும். வரிசையில் நிற்கிறவன் கிடைத்ததை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான். பந்திக்கு இலையும் பாயும் தண்ணீர்ச் சொம்பும் பரிமாற நாலு ஆளும் இருந்தால் போதும். அசனத்தில் (சபையார் கூடிச் சாப்பிடுகிற கோயில் விருந்தில்) இத்தனை வருஷம் பரிமாறிப் பழகிய ஆட்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அசனத்துக்கு எத்தனை கிடா வெட்டினார்கள் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்களே, பரிமாறியவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

அதே இதழின் சபைப் பக்கத்தில், வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கிற பிடி அரிசியைப் பற்றியும் புகழ்ந்திருந்தீர்கள். நல்ல வழக்கம்தான். மிசோரம் சபைகளில் அந்த ஒரு பிடி அரிசியே 1910 முதல் ஊழியத்தைத் தாங்கி வருகிறது. ஆனால் "அந்த அரிசியைப் பொங்கி ஏழைகளுக்கு இடலாமே" என்று யோசனை சொன்னவர் ஒருநாள் அதைப் பொங்கிப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுப் பொன்னி, ஒரு வீட்டு ரேஷன் புழுங்கல், ஒரு வீட்டு இட்லி அரிசி, இன்னொரு வீட்டுப் பச்சரிசி, எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். பச்சரிசி குழைந்து கூழாகும்போது புழுங்கல் பல்லில் நறநறக்கும். போதாததற்கு வண்டு. நம் பெரியவர்கள் அதை ஏலம் விட்டுப் பணமாக்கியது கஞ்சத்தனத்தால் அல்ல. ஏலம் பிடிக்காவிட்டால் கல், வண்டு பார்த்துப் புடைத்து, ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சலாம். கஞ்சிக்குக் கலப்படம் தெரியாது. சோறாக வடிக்க மட்டும் ஆகாது.

மஞ்சள் பைக்கு வருவோம். அதில் 5 கிலோ அரிசி இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் ரேஷன் அரிசி இலவசம். அட்டை உள்ள வீட்டில் அரிசிப் பானை காலியாவது குறைவு. காலியாவது எண்ணெய்ப் பாட்டிலும், புளி, மிளகாய் டப்பாவும், கேஸ் சிலிண்டரும். அட்டை இல்லாதவருக்கு அரிசி வேண்டும், சரி. அவரிடம் அடுப்பு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். பல் போன, தனியே கிடக்கிற பாட்டிக்கு அரிசிப் பை எதற்கு? குழைய வேகவைத்த சாதம் ஒரு தூக்குச்சட்டியில் மத்தியானம் வந்தால் அதுதான் உதவி.

கல்யாண மண்டபத்திலிருந்து ராத்திரி பத்தரைக்கு, "பிரியாணி மிஞ்சிவிட்டது, பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பட்டுமா?" என்று போன் வரும். அதற்கும் ஈர மனசுதான் காரணம். காலையில் வடித்து நாள் முழுக்க மூடிக் கிடந்த பிரியாணி அது. மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொன்ன கர்த்தர், எல்லோரும் திருப்தியடைந்த உடனே சொன்னார், மறுநாள் சொல்லவில்லை. மிஞ்சும் என்று தெரிந்தால் பந்தி நடக்கும்போதே, கரண்டி படாத பாத்திரத்தைத் தனியாக எடுத்துச் சூடு ஆறுவதற்குள் அனுப்புங்கள். முடியாவிட்டால் அனுப்பாதீர்கள்.

டிசம்பர் 25-ஆம் தேதி பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவருக்கு நாலு பொட்டலம் வரும். மூன்று குப்பையில் கிடக்கும். ஜனவரி மூன்றாம் வாரம் ஒன்றும் வராது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 1982 முதல் மதியத்தில் சத்துணவு இருக்கிறது, 2022 முதல் தொடக்கப் பள்ளியில் காலையிலும் உணவு உண்டு. ஆனால் சனி, ஞாயிறும் மே மாதமும் பள்ளி இல்லை. அரசு மருத்துவமனையில் நோயாளிக்குச் சாப்பாடு வரும், கூட இருக்கிறவருக்கு வராது. அவர் இரண்டு ரொட்டியில் இரவை ஓட்டுவார். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் ஆண்டுக்கொரு முறை டிசம்பரில் மட்டும் ஈரமாகிறீர்கள் என்பதுதான் வருத்தம்.

நான் கேட்பது பெரிதல்ல. லெந்து இதழில் போட்ட செய்முறைக்கு ஒரு திருத்தம்: அரிசி 8 கிலோ, பருப்பு 2¾ கிலோ. பிறந்தநாள், மரண அறிவிப்புகளுக்குக் கீழே ஓரமாகப் போட்டாலும் போதும், இந்த லெந்து தொடங்குமுன் வந்தால் சரி. ஏப்ரல் இதழில் மே விடுமுறையைப் பற்றி நாலு வரி. இனிமேல் வாங்குகிறவருடைய முகத்தைப் போடாதீர்கள். பையை மட்டும் போடுங்கள், அதைப் பிடித்திருக்கிற ஏழு பேருடைய கைகளோடு.

இப்படிக்கு,
பந்தி பரிமாறுகிற ஒரு வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்.

பி.கு.: இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட வேண்டும் என்றால், வேத வசனங்களை எடுத்துவிடுங்கள், அவை வாசகர்களுக்குத் தெரியும். அளவுகளை எடுக்க வேண்டாம்.