சத்துவாச்சாரியிலிருந்து செல்விக்கு

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. கோயம்புத்தூர் வீடு பிடித்துப்போனதில் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். வெயில் மட்டும் வழக்கம்போல மண்டையைப் பிளக்கிறது.

ஆரி எம்பிராய்டரி ஸ்டாண்டை மடித்துப் பரணில் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதைத் தாண்டிப் படிக்கவே முடியவில்லை. மனசு வரும்போது செய்தால்தான் சந்தோஷம், தினமும் உட்கார்ந்தால் அது வெறும் வேலையாகிவிடும் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை செல்வி.

என் சின்ன மகள் இப்போது பளு தூக்கும் பயிற்சிக்குப் போகிறாள். நம்ம ஏரியாவுக்கு இது புதுசு இல்லை. சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் 149, தோள் வரை தூக்கிப் பிறகு மேலே ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே, நினைவிருக்கிறதா? 2018-ல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். அதையெல்லாம் டிவியில் பார்த்துக் கைதட்டியதோடு சரி, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இப்போதுதான் கிட்டே இருந்து பார்க்கிறேன்.

சேர்ந்த புதிதில் கோச் அவளை எடையைத் தொடவே விடவில்லை. கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் அதைப் பூட்ட வேண்டும். கம்பு உடம்பை ஒட்டியே மேலே வர வேண்டும். குந்தி உட்காரும்போது முழங்கை மடங்கக் கூடாது. விடிவதற்கு முன் எழுந்து போய் இதையேதான் திரும்பத் திரும்பச் செய்தாள். பிறகு 15 கிலோ ராடு, அதுவும் பிளேட் மாட்டாமல். ஒருநாள் அது சட்டென்று மேலே போய்த் தலைக்கு மேல் ஆடாமல் நின்றது. ராடைப் பிடித்தபடியே சிரித்தாள் பார்! கைதட்ட அங்கே யாரும் இல்லை. மெடலும் இல்லை. அப்படியொரு சிரிப்பை அவள் முகத்தில் பிறந்தநாளுக்குக்கூட நான் பார்த்ததில்லை. மனசு வந்த அன்றைக்கு மட்டும் போயிருந்தால் அது கிடைத்திருக்குமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வு நாளன்றும் போய் நின்றவளை கோச் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். உடம்பு தேறுவது ஓய்வில்தானாம், அதனால் அதுவும் பயிற்சிக் கணக்கில் சேர்த்தியாம். கட்டுப்பாடு என்றாலே தன்னை வதைத்துக்கொள்வது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த சேதி உனக்குத் தெரியும். பாகாயத்தில் 1966-ல் டாக்டர் மேரி வர்கீஸ் தொடங்கிய மறுவாழ்வு மையத்தில்தான் பயிற்சி எடுத்தார். மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். அப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார். நினைத்தாலே கை கூப்பத் தோன்றுகிறது.

அம்மா காலையில் காபி குடித்த கையோடு, யாரும் சொல்லாமலே, தட்டில் கொட்டிய மொச்சைக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட ஆரம்பித்துவிடுவார். முதலில் விரல்கள் ஒன்றுசேரவே சேராது, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இப்போது பூ கட்டுகிறார். முடிச்சு கொஞ்சம் தளர்வுதான், ஆனால் வேறு யாரையும் சரத்தைத் தொட விடுவதில்லை. "ஆயா, குடு நான் கட்டுறேன்" என்று சின்னவள் கேட்டால் முறைப்பு வேறு!

அதனால்தான் சொல்கிறேன், ஸ்டாண்டைக் கீழே இறக்கு. காலையில் போனைக் கையில் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் உட்கார். மனசு வருகிறதா இல்லையா என்று பார்க்காதே, ஊசியில் நூலை மாட்டு. ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுது. அப்போதும் அது வேலையாகத்தான் தெரிகிறது என்றால் நான் வாதாட மாட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு வருவாயா? ரத்தினகிரிக்குச் சேர்ந்தே போகலாம். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வரும்போது பாதியில் நிற்கிற அந்த மயில் பிளவுஸையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் மல்லிகா