சுறாப்புட்டு இப்போதைக்கு வேண்டாம்

அன்பு மகள் செல்விக்கு,

சுறாப்புட்டுக்குப் பக்குவம் கேட்டிருந்தாய். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதை மறுக்கக் கூடாது என்பார்கள். ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் கண்ணு.

நேற்று மீன்கடையில் ஒரு சுறாவை வயிறு கீறினார்கள். உள்ளே முழுசாக ஒரு கானாங்கெளுத்தி. அது எத்தனை நெத்திலியை விழுங்கியதோ, நெத்திலி எத்தனை மிதவை உயிர்களைத் தின்றதோ! கடல் நீரில் இருக்கும் துளிப் பாதரசம் அந்த மிதவை உயிர்களில்தான் முதலில் ஏறுகிறது. தின்ற இரை செரித்துவிடும், பாதரசம் மட்டும் சதையில் தங்கிவிடும். ஒவ்வொரு வாய் மாறும்போதும் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் மொத்தமும் சுறாவிடம். பல வருஷம் வாழ்ந்த கிழட்டுச் சுறா என்றால் கேட்கவே வேண்டாம். மஞ்சள் போட்டு அவித்தாலும் போகாது, தோலை உரித்துப் பிழிந்தாலும் போகாது.

ஜப்பானில் நீ இருக்கும் குமாமோட்டோவில்தானே மினமாட்டா என்ற கடலோர ஊர்? அங்கே சிசோ என்ற ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்ற பூனைகள் தள்ளாடிச் சுழன்று செத்தன. மனிதருக்கும் அதே நோய் என்று 1956-இல்தான் பதிவானது. மீன் சாப்பிட்ட சில தாய்மாருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைகள் கைகால் முடங்கிப் பிறந்தன. நஞ்சுக்கொடி நஞ்சை உள்ளே விடாது என்றுதான் அப்போது மருத்துவர்களே நம்பினார்கள். (பேரைப் பார்த்தாயா!) விட்டுவிட்டது. அங்கத்திய வீடுகளில் பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்னப் பெட்டியில் வைத்திருப்பார்களாம். பின்னாளில் ஹராதா என்ற மருத்துவர் அவற்றைச் சேகரித்துச் சோதித்தார். அதில் இருந்தது பாதரசம்.

உன்னுடையது இன்னும் வெள்ளித் தாயத்தில், பீரோவில் இருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

மினமாட்டாக் குடாவைச் சுத்தம் செய்து, 1997-இல் மீன் தின்னலாம் என்று அறிவித்துவிட்டார்கள், அதற்காகப் பயப்படாதே. மீனையே விட்டுவிடவும் வேண்டாம், பிள்ளையின் மூளைக்கு அது நல்லது. மத்தி, நெத்திலி மாதிரிப் பொடி மீனாகச் சாப்பிடு. மத்திக்கு அங்கே இவாஷி என்று பேராம். சுறா, வாள்மீன், பெரிய சூரை மட்டும் தொடாதே. ஏறின பாதரசத்தில் பாதி இறங்கவே இரண்டு மாதம் பக்கம் ஆகும்.

அப்புறம், பால் சுரக்கச் சுறாப்புட்டு வேண்டாமா என்று சம்பந்தியம்மா கேட்டால் என்னிடம் பேசச் சொல். பூண்டுக் குழம்புக்குப் பொடி இடித்து வைத்திருக்கிறேன், அடுத்த பார்சலில் வரும்.

அம்மா