அத்தையின் உடுப்பைச் சலவைக்குப் போடாதே

அன்புள்ள ராஜி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அத்தையின் ராணுவ நர்ஸ் உடுப்பை மியூசியத்துக்குக் கொடுக்கும் முன் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடப்போகிறாயாமே? கல்யாணத்துக்கா அனுப்புகிறாய்? அதில் கை வைக்காதேடி!

முன்பக்கத்துப் பழுப்புக் கறை அயோடினா, ரத்தமா, துருவா என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். சோப்பு பட்டால் ஒன்று அந்தத் தடயமே போய்விடும், இல்லையென்றால் பரவி நிரந்தரமாக நிற்கும். நைந்த பருத்தி நனைந்து கனத்தால் தூக்கும்போதே கிழியும். கேப் என்கிற கம்பளித் தோள்போர்வையின் சிவப்புச் சாயம் சாம்பல் கவுனில் ஏறும். கஞ்சி அதைவிட மோசம். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி கஞ்சிக்காகவே வந்து துணியை அரிக்கும்.

மேஜையில் கஞ்சி, நீலம் போடாத பழைய வேட்டியை விரித்து, காய்ந்த சுத்தமான கையால் உடுப்பை அதன்மேல் பரத்து. டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய மடிப்பின் மேலேயே திரும்ப மடித்தால் நூல் அங்கேதான் அறும். மடிப்புக்குள்ளும் கைகளுக்குள்ளும் மெல்லிய வெள்ளைத் துணியைச் சுருட்டி வை. கம்பி ஹேங்கர் வேண்டாம், தோள் தையல் பிரிந்துவிடும். பித்தளைப் பொத்தானில் களிம்பு ஏறியிருந்தாலும் பாலிஷ் போடாதே, அந்த மருந்து துணியில் இறங்கும். கேப்பில் ஓட்டையும் மணல் மாதிரித் துகளும் தெரிந்தால் அந்துப்பூச்சிதான். தனியாகப் பாலித்தீன் பையில் கட்டி, அவர்களிடம் சொல். மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைப்பார்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும்.

தோளில் இரண்டு நட்சத்திரம் என்று எழுதியிருக்கிறாய். லெப்டினன்ட். 1943 அவசரச் சட்டம் இந்திய ராணுவ நர்ஸ்களை அதிகாரிகளாக வைத்தது, அதற்குச் சாட்சி அந்த நட்சத்திரம். காலரின் உள்பக்கம் கறுப்பு மையில் சலவைக் குறியோ எண்ணோ இருக்கும், தேடு. உடுப்பின் பையில் துண்டுக் காகிதம், ஊக்கு எது கிடைத்தாலும் இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு அப்புறம் தொடு.

ராஜி, யார் உடுத்தினாள், எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் என்ற விவரம் கூடப் போகாவிட்டால் அது வெறும் பழைய கவுன். அத்தை வேலை பார்த்தது இம்பால் பக்கமா, வேறு எங்காவதா என்று சொல்ல இன்று மன்னார்குடிப் பெரியப்பா ஒருவர்தான் இருக்கிறார்.

கொடுக்கும்போது கையெழுத்திட்ட ரசீது வாங்கு. வருஷம் முழுக்கக் காட்சிக்கு வைக்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதே. 50 லக்ஸ், அதாவது மங்கலான வெளிச்சத்தில் சில மாதம், பிறகு இருட்டுப் பெட்டியில் ஓய்வு. இதை ரசீதிலேயே எழுதச் சொல்.

பெரியப்பாவை இந்த வாரமே போய்ப் பார். காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகக் கேள். அத்தை படம் இருந்தால் கையோடு எடுத்துப் போ.

அன்புடன்,
மீனா