ஃபில்டரை விடு, டேங்க்கைப் பார்

அன்பு செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் பைக்கைச் சரிபண்ண நினைப்பது நல்லதுதான். ஆனால் புது பெட்ரோல் ஃபில்டர் போட்ட இரண்டே வாரத்தில் மறுபடி செம்மண் நிறத்தில் அடைத்துக்கொள்கிறது என்றால், ஃபில்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. வியாதி டேங்க்குக்குள்ளே. இன்னொரு ஃபில்டருக்குக் காசு போடாதே.

டேங்க்கைக் கழற்றுமுன் செலவில்லாத சோதனை ஒன்று. ஓட்டத்தில் இழுவை குறைந்து வண்டி நின்றதும் மூடியைத் திற. ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போய், அப்புறம் ஒழுங்காக ஓடினால் மூடியின் காற்றுத் துளைதான் அடைப்பு. பெட்ரோல் இறங்கிய இடத்துக்குக் காற்று வராவிட்டால் மேற்கொண்டு இறங்காது. மெல்லிய கம்பியால் குத்தி ஊதிவிட்டால் போதும்.

அது இல்லையென்றால், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம்) அடியிலுள்ள, பெட்ரோலை வடிக்கிற டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிஷம் அசைக்காமல் வை. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும். துரு பொடியாகப் படியும். இப்போதைய இ20 பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை. அது ஈரத்தை இழுத்துக் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பெசன்ட் நகர் மாதிரிக் கடற்காற்று அடிக்கிற இடத்தில் பாதி டேங்க்கோடு மாசக்கணக்கில் நிற்கிற வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்கு, அதாவது கடைசி இருப்புக்குத் திருப்பினால் மட்டும் திக்குகிறதா என்றும் கவனி. ரிசர்வ் துளை அடிமட்டத்தில் இருப்பதால் கசடு முதலில் அங்கேதான் போகும்.

கழற்றும் வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள், மூடிய கார் பார்க்கிங்கில் வேண்டாம். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்று. பெட்ரோலை மூடி உள்ள டின்னில் இறக்கு. பெட்ரோல் டேப், பெட்ரோல் மீட்டர் மிதவை இரண்டையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார். மேலோட்டமான ஆரஞ்சுப் பூச்சு என்றால் கழுவினால் போகும். செதில் செதிலாக உரிந்தால் கீழ் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்து. உள்வாங்கினால் தகடு போய்விட்டது, வேறு டேங்க்தான். புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் வாங்கினாலும் டார்ச் இல்லாமல் போகாதே, வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

கழுவுவதற்குப் பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். துருவோடு இரும்பையும் தின்னும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும். சோப்புத் தண்ணீரால் பெட்ரோல் வாடை போக அலசி, டேப், மிதவை இரண்டின் துளைகளையும் ரப்பரும் தகடும் வைத்து அடை. லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் எலுமிச்சை உப்பு கலந்து கழுத்து வரை நிரப்பு. பாதி நிரப்பினால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே துரு அப்படியே நிற்கும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே துடை. ஒரு ராத்திரி ஊறட்டும். கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு தரம், நல்ல தண்ணீரால் இரண்டு தரம் அலசு. இதற்குப் பிறகுதான் அவசரம்: சுத்தமான இரும்பு ஈரத்தோடு இருந்தால் கண்ணெதிரே மறுபடி பழுப்பேறும். ஹேர் டிரையரால் உடனே காயவைத்து, கொஞ்சம் பெட்ரோலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றிவிட்டு வடித்துவிடு.

ஊசித்துளைக் கசிவு இருந்தால் எம்-சீல் பசை தற்காலிகம்தான். பற்றவைக்கக் கொடுப்பதானால், தண்ணீர் நிரப்பி வாடை முழுக்கப் போக்கித் தருகிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடு. காலி டேங்க்கில் நிற்கிற ஆவிதான் வெடிக்கும்.

ஃபில்டரை அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்க மாட்டு. பம்ப் இல்லாத வண்டிக்கு வலை வைத்த சின்ன ஃபில்டர் போதும். அடர்த்தியான காகித ஃபில்டரில் பெட்ரோல் தன் எடையால் மட்டும் இறங்கத் திணறும். ஹோஸ் எங்கும் மேல்நோக்கி வளையக்கூடாது. ஃபில்டர் பாதி காலியாகத் தெரிந்தால் பயப்படாதே, அது இயல்பு.

உன் மகள் ஸ்கூட்டரில் இதையெல்லாம் செய்யாதே. எஃப்.ஐ. வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற வண்டியில், பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கும், லைனில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் நிற்கும். சாதாரண ஹோஸ் தாங்காது.

பெட்ரோல் டேப்புக்குப் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்) வாங்க ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோ. மாடல் பெயரை மட்டும் சொன்னால் ஏதோ ஒன்றைத் தந்துவிடுவார்கள்.

அன்புடன்,
கணேசன்