பொம்மைக்கு எழுதினாலும் அது உன் எழுத்துதான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதே பொம்மைத் தொடருக்கு இன்னும் இரண்டு வருடம் எழுதச் சொல்லி ஒப்பந்தம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் கடைசிவரை ‘அந்த ரோபோ காமிக்ஸ் எழுதுகிறவள்’ என்றே பேர் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறாய். நிற்கலாம். நின்றால் அதில் ஒரு குறைவும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அமெரிக்கக் காமிக்ஸ் எழுத்தாளர் லாரி ஹாமாவைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். ஆனாலும் அவர் கதையை என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும்.

ஹாமா அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், வியட்நாமுக்குப் போய்த் திரும்பியவர். காமிக்ஸ் உலகத்துக்கு ஓவியராக வந்தார். 1982-இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மைகளைப் புதிதாக இறக்கியபோது, அதற்கு ஒரு காமிக்ஸ் எழுத மார்வெல் பதிப்பகம் ஆள் தேடியது. பொம்மைக் கதை எழுதுவதை யாரும் பெருமையாக நினைக்காத காலம் அது. ஹாமா எடுத்துக்கொண்டார். 1994-இல் 155-ஆவது இதழோடு அந்தத் தொடர் நிற்கும்வரை, ஒருசில இதழ்கள் தவிர எல்லாம் அவர் எழுதியதுதான்.

அந்தத் தொடரின் ஸ்னேக் ஐஸ் என்ற வீரன் எப்படி வந்தான் என்று பார். பெயின்ட் செலவை மிச்சம் பிடிக்க, ஒரு பொம்மையை முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக்கிலேயே வார்த்து விட்டார்கள். முகம்கூடத் தெரியாது. கையில் கிடைத்தது அவ்வளவுதான். ஹாமா அதற்கு விபத்தில் முகமும் குரலும் போன ஒரு வீரனின் வாழ்க்கையைக் கொடுத்தார். கம்பெனி மிச்சம் பிடித்த காசிலிருந்து பிறந்தவன், அந்தத் தொடரிலேயே வாசகர்கள் அதிகம் நேசித்தவர்களில் ஒருவன் ஆனான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஊர், படிப்பு, குணம் என்று ஹாமா எழுதிவைத்த விவரக் குறிப்புகளைத்தான் பொம்மை அட்டையின் பின்புறமும் அச்சடித்தார்கள். பொம்மை வாங்கிய பிள்ளைகள் அதையும் வெட்டிச் சேர்த்துவைத்தார்கள்.

21-ஆவது இதழை நீ எப்படியாவது தேடிப் படிக்க வேண்டும். 1984-இல் வந்தது. முழு இதழிலும் ஒரு வசனம் கிடையாது, ‘டமால்’ என்ற சத்தம்கூடக் கிடையாது. பக்கங்களின் அமைப்பை ஹாமாவே வரைந்தார். பிடிபட்ட தன் அணித் தோழி ஸ்கார்லெட்டை மீட்க ஸ்னேக் ஐஸ் எதிரியின் கோட்டைக்குள் போகிறான். அவளோ அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை, தன் விலங்கைத் தானே கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். முடிவில், எதிரி நின்ஜாவின் கையிலும் ஸ்னேக் ஐஸின் கையிலும் ஒரே பச்சை குத்தியிருப்பதைக் காட்டுகிறார். ஒரு வார்த்தை பேசாமல் பல வருடக் கதைக்கு அங்கே வாசலைத் திறந்துவிட்டார். பொம்மை விற்க வந்த புத்தகத்தில், அம்மா! எழுத்தாளர்களும் ஓவியர்களும் இன்றைக்கும் அதை எடுத்துவைத்துப் பாடம் படிக்கிறார்கள்.

கதையை முன்கூட்டியே திட்டம் போடுவதில்லை, பக்கம் பக்கமாகத்தான் எழுதுவேன் என்று பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். பாத்திரங்களை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவரால்தான் அது முடியும். ஒரே தொடரில் தங்குவதால் கிடைப்பது அந்தப் பழக்கம். உன்னுடைய பதினோராவது இதழில் அந்தப் பழுது பார்க்கும் கிழவி பேசுவதைப் படித்தபோது, உனக்கும் அது வந்துவிட்டது என்று தோன்றியது. முதல் இதழில் அவள் வெறும் விளம்பரம். இப்போது அவள் எதற்குக் கோபப்படுவாள் என்று எனக்கே தெரிகிறது.

1994-இல் வந்த அந்தக் கடைசி இதழ், ராணுவத்தில் சேர நினைக்கும் ஓர் இளைஞனுக்கு ஸ்னேக் ஐஸ் எழுதும் கடிதம். பேச முடியாதவன் எழுதுகிறான். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2010-இல் வேறொரு பதிப்பகம் தொடரை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து ஹாமாவையே எழுதக் கூப்பிட்டது. 2022-இல் 300-ஆவது இதழ் வந்தது. 2023-இல் இன்னொரு பதிப்பகத்தில் 301-இலிருந்து மறுபடியும் அவரே.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னேக் ஐஸுக்கு உயிர் கொடுத்தவர் ஹாமா, ஆனால் அவன் ஹாஸ்ப்ரோவின் சொத்து. இதைவிட எனக்கு வலிப்பது பில் மான்ட்லோவின் கதை. ‘ரோம்’ என்ற விண்வெளி வீரன் பொம்மைக்கு மார்வெல் 1979-இல் ஒரு காமிக்ஸ் ஆரம்பித்தது. பொம்மை விலைபோகவில்லை. மான்ட்லோவோ 1986 வரை 75 இதழ் எழுதினார். பொம்மையின் உரிமம் மார்வெலின் கையை விட்டுப் போனதும், அந்தக் கதைகளை மறுபடி அச்சிட வழியில்லாமல் போயிற்று. தொகுப்பாகப் புத்தகக் கடைக்கு வர 2024 ஆயிற்று. ஒரு மனிதன் வருடக்கணக்கில் எழுதியது இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது, எழுத்து மோசம் என்பதால் இல்லை, சாவி இரண்டு கம்பெனிகளிடம் பிரிந்து கிடந்ததால்.

அதனால் ஒப்பந்தத்தை நீயாகப் படித்து நிறுத்திவிடாதே, இந்தத் துறை தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டு. மறுபதிப்பு வந்தால் உனக்கு என்ன கிடைக்கும், நீ உருவாக்கிய பாத்திரம் படத்திலோ பொம்மையாகவோ வந்தால் பங்கு உண்டா, உரிமம் கைமாறினால் உன் பேர் அட்டையில் இருக்குமா, இதையெல்லாம் எழுத்தில் கேள். கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று தயங்காதே. அப்புறம், அந்த இரண்டு வருடத்தில் உன் சொந்தக் கதை எழுதத் தடை இருக்கிறதா என்பதையும் பார். ஜி.ஐ. ஜோவுக்குப் பேர்போன ஹாமாவுக்கும் பக்கி ஓ’ஹேர் என்ற பச்சை முயல் காமிக்ஸ் நாயகன் ஒருவன் தனியாக இருந்தான். சொந்தக் கதை பற்றிய அந்த ஒரு வரி மட்டும் ஒப்பந்தத்தில் உனக்கு எதிராக இருந்தால், பணம் எவ்வளவு என்றாலும் மாற்றச் சொல். மாற்றினார்கள் என்றால் தயங்காமல் கையெழுத்துப் போடு. வக்கீல் செலவை அப்பா பார்த்துக்கொள்கிறேன், அதற்கு நீ கணக்குப் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா