ஆண்டறிக்கை: பொலிகிடாவும் நோட்டுப் புத்தகமும்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார், நான் நம் அல்பாகா மந்தை விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், மயிருக்காக நாம் வளர்க்கும் அந்த ஒட்டகச் சாதிப் பிராணிகளின் விஷயத்தை.

உலகத்து அல்பாகாக்களில் பெரும்பகுதி பெருவில்தான், அதிலும் நம் புனோ வட்டாரத்தில்தான் அதிகம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பெருமை பேசுகிறோம், ஆனால் தரகர் தராசோடு வந்து நிற்கும்போது அந்தப் பெருமைக்கு ஒரு சோல் காசு கூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை. முதுகு மயிர், வயிற்று மயிர், கால் மயிர் எல்லாம் ஒரே மூட்டை, ஒரே விலை. நாமும் சும்மா இல்லை, எடை கூடட்டும் என்று ஈரத்தோடு கட்டிய மூட்டைகளும் உண்டு. யார் என்று சொல்லவில்லை.

இந்த நவம்பரில் முதல் தடவையாகத் தார்ப்பாய் விரித்துக் கத்தரித்தோம். நம் பெண்கள் விரலால் தடவியே தரம் பிரித்தார்கள். மயிரின் தடிமன் 23 மைக்ரானும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அதற்குக் கீழும் இருந்தால் பேபி, 26.5 வரை ஃபிளீஸ், 31.5-ஐத் தாண்டினால் முரடு. பேபி என்றால் குட்டியின் மயிர் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள், அது தடிமனுக்கு வைத்த பெயர். வயது ஏற ஏற மயிர் தடிக்கும் என்பது வேறு விஷயம். பிரித்த சரக்கு அரெகிபா நகரத்துக்குப் போய் நல்ல விலைக்கு விற்றது, ஆனால் பணம் வரத் தாமதமானதால் சிலர் மிச்சத்தைத் தரகரிடமே போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுப்பு காத்திருக்காது.

அப்புறம், பொலிகிடா, அதாவது இனம் பெருக்க விடும் கிடா. மெல்லிய மயிருள்ள இரண்டு கிடாக்களை இரவல் வாங்கி வந்தோம். செயற்கைக் கருவூட்டல் ஏன் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு: அல்பாகா விந்து பசை மாதிரி இழுக்கும், மாட்டுக்குச் செய்வதுபோல இதற்கு எளிதில் செய்ய முடியாது. எனவே கிடாவை நேரில்தான் விட வேண்டும். சினையா என்று பார்ப்பதும் பழைய முறைதான்: சேர்த்து இரண்டு வாரம் கழித்துக் கிடாவை முன்னால் நிறுத்தினால், சினைப் பெட்டை சேர்வதற்கு உட்கார மறுத்து, காதை மடக்கிக் காறித் துப்பும். பிப்ரவரியில் கயிறு பிடித்து நின்றவன் நான், மூன்று பெட்டைகள் சினை என்பதற்கு என் தொப்பியே சாட்சி.

இவ்வளவு பாடுபட்டும் மேற்குப் பட்டியில் காரியம் கெட்டது. ஒருநாள் ராத்திரி வேலி சாய்ந்து, மந்தையின் பழைய கிடாக்களும் உள்ளே புகுந்துவிட்டன, யாரும் குறித்து வைக்கவில்லை. பதினொன்றரை மாதம் சுமந்து அடுத்த மாதம் விழப்போகும் அந்தக் குட்டிகளுக்கு அப்பன் யார்? தெரியாது. நாளைக்கு மகளை அப்பனோடே சேர்த்துவிட்டு, குட்டி ஊனமாகப் பிறந்தால் கிடாவைத் திட்டுவோம். எவ்வளவு உசத்தியான கிடா வந்தாலும், எந்தப் பெட்டையோடு எந்த நாளில் சேர்ந்தது என்று எழுதாவிட்டால் பட்ட பாடு வீண்தான்.

குட்டிச் சாவு இந்த வருஷமும் இருந்தது, பெரும்பாலும் கழிச்சல். ஈரப் பட்டியிலேயே ஈனவிட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள், பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று பாருங்கள்.

வெள்ளைக்குத்தான் விலை என்று கறுப்பு, காபி நிறத்தை எல்லாம் விற்றுத் தள்ளுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கிம்சசாட்டா ஆராய்ச்சிப் பண்ணையில் நிற அல்பாகாக்களைத் தனியாகப் பாதுகாக்கிறார்கள், நாம் கறிக்கு அனுப்புகிறோம்.

நோட்டுப் புத்தகம் வீட்டுக்கு ஒன்று, இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். காது வில்லை குத்தும் இடுக்கி ஆகஸ்ட்டிலிருந்து காணவில்லை, வைத்திருப்பவர் குட்டிகள் விழுமுன் கொண்டுவந்துவிடவும்.

செயலாளர்