ஆண்டறிக்கை: இவ்வாண்டின் மரம் ஜப்பானிய சீடர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நமது தோட்டக்கலைச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். கருவிகள் இரவல், மட்கு உரக் குழி, விதைப் பரிமாற்றம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி, இவ்வாண்டு நாம் பயில எடுத்துக்கொண்ட ஜப்பானிய சீடர் (cedar) மரத்தைப் பற்றியது. ஜப்பானில் இதற்குச் சுகி என்று பெயர். தாவரவியலில் கிரிப்டோமேரியா ஜப்பானிக்கா. பெயரில் சீடர், அதாவது தேவதாரு, என்று இருந்தாலும் இது தேவதாரு இனத்தைச் சேர்ந்ததன்று. சைப்ரஸ் குடும்பத்தில், தன் பேரினத்தில் இது ஒன்றே இனம். தேவதாருவுக்குச் சொல்லப்படும் வறட்சிப் பராமரிப்பை இதற்குப் பொருத்தினால் மரம் கெடும்.

உறுப்பினர்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "பழுப்பாகிவிட்டதே, செத்துவிட்டதா?" பழுப்பு பல வகை. எது எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

முதலாவது, குளிர்காலப் பழுப்பு. வெயில் படும் வெளிப்புற இலைகள் எல்லாம் சீராகச் செம்பு நிறமோ கருஞ்சிவப்போ அடையும். இம்மரத்தின் 'எலிகன்ஸ்', 'வில்மோரினியானா' வகைகளில் இதுதான் அழகே. இளவேனிலில் பச்சை திரும்பும். சந்தேகம் இருந்தால் சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். அடியில் பச்சை ஈரம் தெரிந்தால் மரம் நலமாக இருக்கிறது. இந்த நேரத்தில் அவசரப்பட்டு உரமோ மருந்தோ போடுவதுதான் கெடுதல். இரண்டாவது, தண்டையொட்டிய பழைய உள்ளிலைகள் காய்வது. சில ஆண்டு வயதான இலைகள் சிறு கிளையோடு சேர்ந்தே உதிர்வது இம்மரத்தின் இயல்பு. குட்டை வகைகளில் அவை உள்ளேயே சிக்கிக்கொண்டு காற்றோட்டத்தை அடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கையை உள்ளே விட்டு உலுக்கி எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவதுதான் நோய்: இலைக்கருகல். இது கீழ்க்கிளைகளில், தண்டுக்கு அருகே தொடங்கி மேலும் வெளியுமாகப் பரவும். நுனிகள் மட்டும் கடைசிவரை பச்சையாக நிற்கும். பார்வைக்கு இரண்டாவது வகையைப் போலவே இருப்பதால் ஏமாறுகிறோம். வேறுபாடு என்னவென்றால், இயல்பான உதிர்வு மரம் முழுவதும் உள்புறத்தோடு நின்றுவிடும். கருகல் இந்த ஆண்டின் இலைகளையும் தின்னும். இது பூஞ்சை நோய். இலைமேல் தெறிக்கும் நீரில் வித்துகள் பரவுகின்றன. நெருக்கி நட்ட வேலி வரிசைகளில் இது அதிகம். பட்ட கிளைகளை உலர்ந்த நாளில் வெட்டி அகற்றுங்கள். நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் விடுங்கள். புதுத் தளிர் வரும் பருவத்தில் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை உறையில் குறித்த அளவில், குறித்த இடைவெளியில் தெளிக்கலாம். காய்ந்துபோன இலையை எந்த மருந்தும் பச்சையாக்காது. மருந்து புதுத் தளிரைக் காப்பதற்கு மட்டுமே.

ஒரே பக்கம், அதுவும் காற்று வரும் பக்கம், நுனியிலிருந்து காய்ந்தால் அது காற்றின் வேலை. நிலம் உறைந்தோ உலர்ந்தோ இருக்கையில் வேர் நீர் தர முடியாது. இலையோ ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். காற்றுத் தடுப்பும், குளிர்காலம் தொடங்குமுன் ஆழமான ஒரு பாய்ச்சலும்தான் மருந்து. இலைகள் சாம்பல் புள்ளியோடு வெளிறினால் செஞ்சிலந்தியாக இருக்கும். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். புள்ளிகள் நகர்ந்தால் உறுதி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது முதல் சிகிச்சை. நனைந்த இலை விரைவில் உலரும்படி அதைக் காலையில் செய்யுங்கள். மரம் முழுவதும் ஒருசேர மங்கி, மண்ணும் சேறாக இருந்தால் வேரழுகல். அதற்குப் பின்னர் செய்யக்கூடியது குறைவு. அதனால்தான் நடும் இடத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

இந்த மரம் ஈரத்தை விரும்புவது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த சுகி மரங்கள் நிற்கும் யாகுஷிமா தீவின் கடற்கரையிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மி.மீ. மழை பெய்கிறது, மலையில் அதனினும் இருமடங்கு. ஆனால் அங்கே சரிவில் நீர் தேங்குவதில்லை. ஈரமும் வடிகாலும் சேர்ந்தே வேண்டும். குழியைத் தோண்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஆகாது. மேடாக்கி நடுங்கள் அல்லது வேறிடம் பாருங்கள். மண்ணின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை நல்லது. சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளாகும். வெப்பமான சமவெளியில் நிலத்தில் நட இதைப் பரிந்துரைக்கவில்லை.

குழியின் அகலம் வேர்க்கட்டியைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு. ஆழம் வேர்க்கட்டியின் உயரமே. தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்திற்குக் கீழே போகக்கூடாது. தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களைப் பிரித்துவிடுங்கள், முடியாதவற்றை வெட்டுங்கள். விட்டால் சில ஆண்டுகளில் தண்டையே நெரிக்கும். தோண்டிய மண்ணையே திருப்பி நிரப்புவது போதும். மேலே 5 முதல் 7 செ.மீ. வரை இலைமட்கோ மரப்பட்டையோ மூடாக்குப் போட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, மழை இல்லாத வாரங்களில் வேர்ப்பகுதியில் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் அளவில் நீர் தேவை. தினமும் சிறிது தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஆழமாகப் பாய்ச்சுவது மேல்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இயல்பான இனம் காட்டில் 50 மீட்டரைத் தொடும். ஜப்பானின் நிக்கோ நகரில் 1625 அளவில் மட்சுதைரா மசட்சுனா என்ற பிரபு நடத் தொடங்கிய சாலை மரங்கள் இன்று 35 கி.மீ. நீளத்துக்குச் சுவர்போல் நிற்கின்றன. வீட்டுத் தோட்டத்துக்கு வகை பார்த்துத்தான் வாங்க வேண்டும். மறைப்பு வேலிக்கு 'யோஷினோ', இடைவெளி 2.5 முதல் 3 மீட்டர். சிறு தோட்டத்துக்கு 'குளோபோசா நானா'; பல ஆண்டு கழித்தும் மார்பளவில் நிற்கும். பாறைத் தோட்டத்துக்கும் தொட்டிக்கும் 'வில்மோரினியானா', பத்து ஆண்டிலும் முழங்காலைத் தாண்டுவது அரிது. 'செக்கான் சுகி' வகையின் வெளிர்மஞ்சள் நுனிகள் கடும் வெயிலில் கருகும்; பிற்பகல் நிழல் கொடுங்கள்.

கவாத்து இதற்கு அதிகம் தேவையில்லை. ஆனாலும் மற்ற ஊசியிலை மரங்கள் பலவற்றுக்கு இல்லாத ஒரு வலிமை இதற்கு உண்டு: முதிர்ந்த தண்டை வெட்டினாலும் துளிர்க்கும். கியோட்டோவின் கிதயாமா பகுதியில் ஒரே அடிமரத்தின்மேல் நேரான கம்புகளை வளர்த்து அறுவடை செய்யும் தைசுகி முறை இதை நம்பியே எழுந்தது. 'எலிகன்ஸ்' மரம் மழையிலும் பனியிலும் தன் பாரத்தாலேயே சாய்ந்துவிட்டால், முட்டுக்கொடுத்துப் போராட வேண்டாம். இளவேனிலில், தளிர் விடுமுன், 60 முதல் 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுங்கள், அடர்ந்து வரும். இளந்தளிரைக் கத்தரிக்கோலால் வெட்டினால் வெட்டுப்பட்ட ஊசிகள் பழுப்பாகிவிடும். போன்சாய் வளர்ப்போர் வளரும் பருவம் முழுவதும் விரலால் கிள்ளுவது இதனால்தான்.

பெயர் பெற்ற வகைகள் விதையில் மாறிவிடும். குச்சி நட்டே பெருக்க வேண்டும். கோடை முடிவில், இவ்வாண்டு வளர்ந்த பாதி முற்றிய கிளையை 8 முதல் 10 செ.மீ. நீளத்தில், அடியில் சிறிது பழைய பட்டையோடு இணுங்கி எடுங்கள். கீழ் மூன்றிலொரு பகுதியின் இலையை நீக்கி, 0.3 முதல் 0.8 விழுக்காடு இன்டோல் பியூட்டிரிக் அமிலம் உள்ள வேர் ஊக்கித் தூளில் தொட்டு, பீட்டும் (மட்கிய பாசி) பெர்லைட்டும் (இலேசான எரிமலைக் கல்துகள்) சரிபாதி கலந்த ஊடகத்தில் செருகி, மூடிய ஈரக்கூண்டில் நிழலில் வையுங்கள். வேர் விட மூன்று நான்கு மாதமாவது ஆகும்; இழுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். நிமிர்ந்த கிளையிலிருந்து எடுங்கள். பக்கக் கிளைக் குச்சி சாய்ந்தே வளரக்கூடும்.

மகரந்தத்தைப் பற்றியும் பதிவு செய்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெருந்தோட்டங்களால் ஜப்பானில் சுகி மகரந்த ஒவ்வாமை பரவலான நோயாகிவிட்டது. ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டருகே முழு அளவு மரங்களை வரிசையாக நடாமல் இருப்பது நல்லது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. நாற்றுப் பரிமாற்றத்துக்கு வரும் ஒவ்வொரு ஊசியிலை நாற்றிலும் வகைப்பெயரும், எதிர்பார்க்கும் உயரமும், குச்சி எடுத்த மாதமும் எழுதிய அட்டை இருக்க வேண்டும். அட்டையில்லா நாற்று ஏற்கப்படாது. இலைக்கருகல் ஐயமுள்ள கிளையைக் கூட்டத்துக்குக் காட்டக் கொண்டுவருவோர் மூடிய பையில் கொண்டுவர வேண்டும். அதைச் சங்கத்தின் மட்கு உரக் குழியில் போடக்கூடாது. இவ்விரண்டையும் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்